அடிக்கடி வரும் வாய்ப்புண்ணுக்கு எந்த மவுத்வாஷ்? கேள்விகளும் பதில்களும்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை என்று குமரி மாவட்டத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே வாழ்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது. இங்கே வாய்ப்புண் என்பது மாதத்துக்கொரு முறை, இரண்டு மாதத்துக்கொரு முறை என்று வந்து தானே ஆறி, மறுபடியும் வருகிற புண். தமிழ்நாட்டுக் கடையில் வாங்கினாலும் கேரளக் கடையில் வாங்கினாலும் பாட்டில் மேல் இருக்கும் மருந்தின் பெயரும் சதவீதமும்தான் முக்கியம். கம்பெனிப் பெயரைப் பார்க்க வேண்டாம்.

எந்த மவுத்வாஷ் போட்டால் இனி வாய்ப்புண்ணே வராது?

எதைப் போட்டாலும் வரும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதிக் காசு மிச்சம். கொப்பளிக்கும் மருந்துகள் மூன்று வேலைகள் செய்யும்: வலியைக் குறைக்கும், புண்மேல் கிருமி சேராமல் பார்த்துக்கொள்ளும், அழற்சியை அடக்கி ஆறும் நாட்களைச் சுருக்கும். மூன்றையும் ஒரே பாட்டில் செய்வதில்லை. உங்களுக்கு எது தொந்தரவு என்று முதலில் பாருங்கள். சோறு இறங்கவில்லை என்றால் வலிக்கான மருந்து. ஒவ்வொரு புண்ணும் இரண்டு வாரம் இழுக்கிறது என்றால் அழற்சிக்கான மருந்து. மாதம் தவறாமல் வருகிறது என்பதுதான் குறை என்றால், அதற்கு விடை பெரும்பாலும் இரத்தப் பரிசோதனையிலும் பற்பசையிலும் இருக்கும், பாட்டிலில் இருக்காது.

எனக்கு வருவது இந்த வகைதானா?

உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, ஓரம், அண்ணத்தின் பின்பக்க மென்பகுதி ஆகிய இடங்களில் வட்டமாக, நடுவில் வெள்ளை அல்லது மஞ்சள், சுற்றிலும் சிவப்பு வளையத்தோடு இருந்தால் பெரும்பாலும் இதுதான். சாதாரண வகை 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 7 முதல் 14 நாளில் தழும்பில்லாமல் ஆறும். 10 மில்லிமீட்டரைத் தாண்டிய பெரிய வகை ஆறு வாரம்கூட எடுக்கும், தழும்பும் விடும். குண்டூசித் தலை அளவில் பத்துப் பன்னிரண்டு ஒன்றாகக் கிளம்பும் மூன்றாவது வகையும் உண்டு.

ஈறிலும் அண்ணத்தின் முன்பக்கக் கெட்டிப் பகுதியிலும் கொப்புளமாகத் தொடங்கி உடைந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ் புண்ணாக இருக்கலாம். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், கீழே சொல்லும் ஸ்டீராய்டு கொப்பளிப்பு வைரஸ் புண்ணை மோசமாக்கும். இன்னொன்று: ஹெர்பிஸ் தொற்றும், நாம் பேசும் வாய்ப்புண் தொற்றாது. ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்ததால் வந்தது என்று வீட்டில் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

உப்புத் தண்ணீர் உண்மையிலேயே பயன்படுமா?

பயன்படும், ஆனால் அளவு தவறினால் எரிச்சல்தான் மிச்சம். 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் தூள் உப்பு. நம் உடம்புத் திரவத்தின் உப்பளவு 0.9 சதவீதம், இந்தக் கலவை அதைவிடச் சற்றே கூடுதல். இரண்டு டீஸ்பூன் போட்டால் சீக்கிரம் ஆறும் என்பது தவறான எண்ணம். திசுவிலிருந்து நீரை உறிஞ்சிப் புண்ணைக் காயவைக்கும், அவ்வளவுதான். கல்லுப்பு போட்டால் முழுக்கக் கரையும்வரை காத்திருங்கள். கரையாத பரல் புண்ணில் உரசும். ஒரு வாய்க்கு 30 விநாடி, சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு நாளில் நான்கைந்து முறை.

உப்பே எரிகிறது என்பவர்களுக்குச் சமையல் சோடா நல்லது. அதே அளவு தண்ணீரில் அரை டீஸ்பூன். குடம்புளி போட்ட மீன் குழம்பு, மோர், அன்னாசி ஆகியவற்றால் வாயில் நிற்கும் அமிலத்தை இது சமன்படுத்தும்; எரிச்சல் சட்டென்று தணிவது அதனால்தான். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலமும் சேர்ந்திருக்கும். சலவைச் சோடா கடும் காரம், வாயை வெந்துபோகச் செய்யும். அடுக்களையில் பெயர் எழுதாத டப்பாவிலிருந்து எடுக்காதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரண்டையும் விழுங்காமல் துப்ப வேண்டும்.

குளோர்ஹெக்சிடின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எப்படிக் கொப்பளிப்பது?

பல் மருத்துவர்கள் அதிகம் எழுதும் கிருமிநாசினி மருந்து இது; அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். 0.2 சதவீதம் என்றால் 10 மில்லி, ஒரு நிமிடம், காலையும் இரவும். 0.12 சதவீதம் என்றால் 15 மில்லி, 30 விநாடி. தண்ணீர் கலக்க வேண்டியதில்லை.

பல் துலக்கிய கையோடு இதைக் கொப்பளிப்பதுதான் வழக்கமான பிழை. பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இந்த மருந்தோடு சேர்ந்து அதைச் செயலிழக்க வைத்துவிடும். துலக்கிவிட்டு நன்றாகத் தண்ணீரில் கொப்பளித்து, குறைந்தது அரை மணி நேரம் கழித்து மருந்தை எடுங்கள். துப்பிய பிறகு கசக்கிறது என்று உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தின் பலன் குறைந்துவிடும். அடுத்த அரை மணி நேரம் சாப்பாடும் வேண்டாம், குடிப்பதும் வேண்டாம்.

பல்லும் நாக்கும் பழுப்பாகும். கட்டன் சாயா குடிக்கிறவர்களுக்கும் முறுக்கான் போடுகிறவர்களுக்கும் இது சீக்கிரமே வரும், ஏனென்றால் சாயத்தைப் பல்லோடு பிடித்து வைப்பதே இந்த மருந்தின் குணம். கறை நிரந்தரமில்லை, பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போகும். நாக்கில் உப்புச் சுவையும் சில நாள் மங்கும், குழம்பில் உப்பு கூடிப்போவது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீங்களாகத் தொடர வேண்டாம். அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும்: உடம்பெங்கும் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் நேரே மருத்துவமனை.

இவ்வளவுக்கும் பலன் என்ன? புண் இருக்கும் நாட்களும் வலியும் ஓரளவு குறையும். புதிதாக வருவதை நம்பகமாகத் தடுக்காது. வலியால் துலக்க முடியாமல் வாய் அழுக்காக இருக்கிறவருக்கு இது நிச்சயம் தேவை. தினமும் ஒழுங்காகத் துலக்க முடிகிறவருக்கு அத்தனை அவசியம் இல்லை என்பது எங்கள் கருத்து.

சாப்பிடவே முடியவில்லை. வலிக்கு எது?

பென்சிடமின் 0.15 சதவீதம். இது மரத்துப்போகவும் வைக்கும், அழற்சியையும் சற்றுக் குறைக்கும். 15 மில்லி, 20 முதல் 30 விநாடி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, துப்பிவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் எடுத்தால் கஞ்சியாவது இறங்கும். முதல் நொடியில் எரிகிறது என்றால் அதே அளவு தண்ணீர் கலந்துகொள்ளலாம், வேலை கெடாது. 12 வயதுக்குக் கீழ் வேண்டாம். ஏழு நாளுக்கு மேல் வேண்டாம். ஆறும் வேகத்தை இது பெரிதாக மாற்றாது. வலிக்கு வாங்கியது வலிக்கு மட்டும்.

லிக்னோகெய்ன் 2 சதவீதக் கெட்டி திரவம் இன்னும் வலுவாக மரக்கச் செய்யும். ஒன்றிரண்டு புண்தான் என்றால் பஞ்சு பட்ஸில் தொட்டுப் புண்மேல் மட்டும் வையுங்கள். வாய் முழுக்கக் கொப்பளித்தால் தொண்டையும் மரத்துப்போய்ப் புரையேறும். கன்னத்தைக் கடித்துப் புதுப்புண்ணும் வரும். அப்படிக் கொப்பளித்தவர்கள் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம், விழுங்கினால் வலிப்பும் இதயக் கோளாறும் வரலாம்.

ஸ்டீராய்டு மாத்திரையைக் கரைத்துக் கொப்பளிக்கச் சொன்னார்கள். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியது விழுங்குவதற்கு. நாட்களைச் சுருக்குவதற்கு இந்தப் பட்டியலில் எங்கள் முதல் தேர்வு இதுதான், ஆனால் மருத்துவர் புண்ணைப் பார்த்து எழுதிய பிறகு.

பீட்டாமெத்தசோன் 0.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 10 முதல் 20 மில்லி தண்ணீரில். சோடியம் பாஸ்பேட் வகையாக இருக்க வேண்டும், அதுதான் கரையும். அடியில் மாவுபோல் தங்கினால் வேறு வகையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடையில் காட்டிக் கேளுங்கள். மூன்று நிமிடம் புண் இருக்கும் பக்கமாக வாயில் நிறுத்தி, முழுக்கத் துப்ப வேண்டும். புண் இருக்கும் நாட்களில் தினம் நான்கு முறை வரை. பிறகு அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது.

நேரம்தான் இதில் பாதி வைத்தியம். புண் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அந்த இடத்தில் சுருக்கென்று அல்லது எரிச்சலாக ஓர் உணர்வு வரும். அடிக்கடி வருகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அப்போதே தொடங்கினால் புண் சிறிதாகவே நின்றுவிட வாய்ப்புண்டு. ஐந்தாம் நாள் குழி விழுந்த பிறகு தொடங்கிவிட்டு மருந்து சரியில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை.

இதனால் வரக்கூடிய கெடுதல் பூஞ்சை. நாக்கிலோ கன்னத்திலோ தயிர்ப்படிவு மாதிரி வெள்ளை வந்து, துடைத்தால் சிவப்பாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பல்செட் போட்டவர்களுக்கும் இது எளிதில் வரும். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பது தவறு.

டாக்ஸிசைக்ளின் கேப்சூலைப் பிரித்துக் கொப்பளிக்கலாமா?

மருத்துவர் சொன்னால். 100 மில்லிகிராம் கேப்சூலைத் திறந்து 10 மில்லி தண்ணீரில் கலக்கி இரண்டு மூன்று நிமிடம், தினம் நான்கு முறை, மூன்று நாள். இங்கே அது வேலை செய்வது கிருமியைக் கொன்று மட்டும் இல்லை. திசுவைச் சிதைக்கும் நொதிகளையும் தடுக்கும். 12 வயதுக்குக் கீழும் கர்ப்பத்திலும் கூடாது, பிள்ளைகளின் பல்லில் நிரந்தரக் கறை விழும்.

போவிடோன் அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு?

முதலாவது தொண்டை வலிக்கு வீட்டில் இருக்கும் பாட்டில். வாய்ப்புண்ணுக்கு அதிலிருந்து பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டும், அயோடின் உடம்பில் சேரும்.

பெராக்சைடு வேண்டாம். நம் கடைகளில் '20 வால்யூம்' என்று விற்பது ஏறக்குறைய 6 சதவீதம்; வாய்க்குப் பயன்படுத்தும் அளவு 1.5 சதவீதம். அப்படியே ஊற்றினால் வாய்த்தோல் வெளுத்து உரியும். அந்த நுரையைப் பார்த்துக் கிருமி போகிறது என்று மகிழ்பவர்கள் நிறையப் பேர்.

வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் திரவத்தை வாய்க்கும் போடுகிறார்களே?

காரணம் இருக்கிறது. அது புண்மேல் ஒட்டிப் படலம் போட்டுவிடும், காரமும் புளிப்பும் நேரே படாது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி 5 மில்லி, ஒன்றிரண்டு நிமிடம் வாயில் சுழற்றித் துப்பலாம். சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும்போதும். ஆக்சிடகெய்ன் சேர்ந்த வகையாக இருந்தால் மரத்துப்போகவும் செய்யும், அப்போது சூடாக எதையும் குடிக்காதீர்கள்.

சுருக்கமாக, எதை முதலில் வாங்குவது?

வருடத்தில் இரண்டு மூன்று முறை, சிறிய புண்: உப்பு அல்லது சோடாத் தண்ணீர் போதும், காசு செலவழிக்காதீர்கள். வலி மட்டும் தாங்கவில்லை: அதோடு பென்சிடமின். துலக்கவே முடியவில்லை, வாய் நாற்றம்: குளோர்ஹெக்சிடின் ஒரு வாரம். மாதந்தோறும், ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு மேல்: கடையில் நிற்காமல் மருத்துவரிடம் போய், ஸ்டீராய்டு கொப்பளிப்பு பற்றியும் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். குளிர்ச்சியாக நறுமணம் வீசும் சாதாரண மவுத்வாஷ் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆல்கஹால் கலந்த வகை புண்ணில் பட்டால் எரிச்சல் மட்டுமே தரும்.

தேங்காயெண்ணெய், திரிபலா, கொய்யா இலை, படிகாரம்?

கேரள ஆயுர்வேதத்தில் வாயில் திரவத்தைச் சுழற்றிக் கொப்பளிப்பது கவளம். வாய் நிறைய அசையாமல் நிறுத்துவது கண்டூஷம். அரிமேதாதித் தைலம் இதற்குத்தான். தேங்காயெண்ணெய் புண்ணை வழவழப்பாக்கி உரசலைக் குறைக்கும், பேசவும் மெல்லவும் சற்று இலேசாகும். அதற்குமேல் மாயம் எதுவும் இல்லை.

திரிபலாவிலும் கொய்யா இலையிலும் துவர்ப்பு அதிகம். துவர்ப்பு புண்ணின் மேல்பரப்பைச் சற்று இறுக்கி வலியைத் தணிக்கும். ஒரு டீஸ்பூன் திரிபலாப் பொடியை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்து, கட்டாயம் துணியில் வடிகட்டி, ஆறவைத்துக் கொப்பளிக்கலாம். வடிகட்டாத பொடி புண்ணில் மணல் போல உராயும். குளோர்ஹெக்சிடின் எடுக்கும் வாரத்தில் இந்தக் கஷாயம் வேண்டாம், கறை இரட்டிப்பாகும். படிகாரம் என்றால் பயறளவு ஒரு டம்ளருக்கு. கட்டியை நேரே புண்மேல் வைத்து அழுத்துவது புண்ணைச் சுடுவதற்குச் சமம்.

மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸும் போதாதா?

கீரை நல்ல சாப்பாடு. தேங்காய்ப்பால் விட்டு வைத்தால் புண்ணோடும் சாப்பிடலாம். ஆனால் கீரையில் பி12 கிடையாது. அது மீன், முட்டை, பால், இறைச்சியில்தான் உண்டு. மீன் தினமும் சாப்பிடும் கடற்கரை வீட்டாருக்கும் குடல் உறிஞ்சாவிட்டால் பி12 குறையும்; சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் குறையும்.

2009-ல் வெளியான ஓர் ஆய்வில் தினமும் இரவில் 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து ஆறு மாதம் கொடுத்தார்கள். முடிவில் மருந்து எடுத்தவர்களில் 74 சதவீதம் பேருக்குப் புண் இல்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம். ஆய்வு சிறியதுதான், ஆனால் வருவதையே குறைத்த மருந்து என்று காட்ட முடிவதில் இது ஒன்று. 2012-ல் வெளியான மற்றோர் ஆய்வில் அன்றாடத் தேவை அளவிலான மல்டிவிட்டமினை ஓராண்டு கொடுத்தும் புண் குறையவில்லை. கடையில் கேட்டதும் கிடைக்கும் பி காம்ப்ளெக்ஸை இரண்டு நாள் விழுங்கி, மூன்றாம் நாள் புண் ஆறினால், அது ஆற வேண்டிய நாளில் ஆறியிருக்கிறது.

பார்க்க வேண்டிய பரிசோதனைகள்: முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்து வைத்த இரும்புச்சத்தைக் காட்டுவது), பி12, ஃபோலேட். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். அதனால் முதலாவதோடு நிறுத்த வேண்டாம்.

சாப்பாட்டில் எதை மாற்றுவது?

எங்கள் ஊர்ப் பக்கம் முதல் குற்றவாளி ஏத்தங்காய் சிப்ஸ். அதன் ஓரம் கன்னத்தையும் நாக்கோரத்தையும் கீறும். இந்தப் புண் வரும் உடம்புள்ளவர்களுக்குக் கீறல் விழுந்த இடத்திலேயே மறுநாள் புண் கிளம்பும். சக்கை வற்றல், மரச்சீனி சிப்ஸ் எல்லாம் அதே கதை. கேரள ஹோட்டலில் கொண்டுவந்து வைக்கும் பதிமுகத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும், ஆறவிட்டுக் குடியுங்கள். புண் உள்ள நாட்களில் பழங்கஞ்சி, தயிர், மட்டிப்பழம், ஆறிய பயறு. நல்லமிளகு ரசம் அடுத்த வாரம்.

பற்பசையை மாற்றிப் பாருங்கள். உறையின் பின்புறம் சோடியம் லாரில் சல்பேட் இல்லாததாக வாங்கி, மூன்று மாதமாவது தொடர வேண்டும். எல்லோருக்கும் பலிக்காது, சிலருக்கு நன்றாகவே பலிக்கும். கூர்மையான பல் ஓரமோ கம்பி நீட்டிய பல்செட்டோ இருந்தால் அதைச் சரிசெய்யாமல் எந்த மருந்தும் பயனில்லை.

பீடியை விட்ட பிறகுதான் வாய்ப்புண் வந்தது. மறுபடி தொடங்கலாமா?

வேண்டாம். புகைக்கிறவர்களுக்கு வாய்த்தோல் தடித்திருக்கும்; விட்ட பிறகு சில வாரம் புண் வருவது தெரிந்த விஷயம். அது அடங்கிவிடும்.

கர்ப்பிணிகளும் பிள்ளைகளும்?

உப்பு அல்லது சோடாத் தண்ணீர். துப்பத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும். கோலின் சாலிசிலேட் உள்ள வாய்ப்புண் ஜெல் 16 வயதுக்குக் கீழ் வேண்டாம், ஆஸ்பிரின் இனத்தது.

எப்போது மருத்துவமனைக்கு?

மூன்று வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணும். வலிக்கவில்லை என்பது நல்ல சேதி இல்லை. புற்றுநோய்ப் புண் தொடக்கத்தில் வலிக்காமலே இருக்கும். ஒரே இடத்தில் நிற்பது, ஓரம் தடித்துக் கெட்டியாக இருப்பது, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் நெறிகட்டுவது, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போவது ஆகியவை எல்லாம் அவசரம். முறுக்கான் போடுகிறவர்கள் புகையிலையைச் செருகும் பக்கத்தைத் தாங்களே கண்ணாடியில் மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996-ல் தொடங்கி நடத்திய பெரிய ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வெறுங்கண்ணால் வாயைப் பார்த்ததாலேயே புகையிலையோ மதுவோ பயன்படுத்துகிறவர்களில் வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பிலும் புண், கண் சிவந்து வலி என்றால் பெசெட் நோயா (இரத்தக் குழாய்களில் அழற்சி வரும் நோய்) என்று பார்க்க வேண்டும். நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, எடை குறைவு, காய்ச்சல் சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது. இதயத்துக்கு நிகோராண்டில், மூட்டுக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கு மருந்தாலேயே புண் வரும். தானாக நிறுத்தாமல் எழுதிய மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது?

குமரிப் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை; எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி. போகும்போது மூன்று மாதத்துக் காலண்டர்த் தாள்களைக் கிழித்துக் கொண்டுபோங்கள்: புண் தொடங்கிய நாள், ஆறிய நாள், எந்த இடம், எத்தனை, அந்த வாரம் என்ன மருந்து, பெண்கள் என்றால் மாதவிலக்கு நாளும். புண் இருக்கும்போது வெளிச்சத்தில் போனில் எடுத்த படமும் வேண்டும், முறை வந்து உள்ளே போகும் நாளில் புண் ஆறியிருப்பதுதான் வழக்கம். இதுவரை எடுத்த எல்லா மருந்தின் உறையையும் எடுத்துச் செல்லுங்கள், முக்கியமாகப் பெயர் தெரியாமல் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகளின் உறையை.